‘ஆடுது’ என்பதற்கு ஆங்கிலத்தில் எது: ஷேக்கா, ஷிவரா, வைப்ரேட்டா?

மேசை ஆடுது. பல் ஆடுது. மரம் ஆடுது. கோச்சி (ரயில்) ஆடுது. திருவிழாவில் பூசாரிக்குச் சாமி வந்து ஆடுது. தமிழில் ஐந்துக்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் மேசைக்கு வொபிள், பல்லுக்கு லூஸ், மரத்துக்கு ஸ்வே, கோச்சிக்கு ரொக், சாமி வந்தவருக்கு ட்ரான்ஸ் என்ற சொல்லோடு சேர்ந்த ஷேக். ‘தி கொட் இஸ் டான்சிங்’ என்று எழுதிவிட்டால் வாசிக்கிற வெள்ளைக்காரர் நடராஜர் சிலையைத் தேடுவார்.

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. சாதாரண தரத்துக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகும் பிள்ளைகள், பெக்டரியில் இயந்திரப் பழுதை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டியவர்கள், எல்லவிலும் நுவரெலியாவிலும் பயணிகளுக்கு ஊர் காட்டுகிறவர்கள், டொக்டரிடம் ஆங்கிலத்தில் நோயைச் சொல்லத் தடுமாறுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: விரைவாக இப்படியும் அப்படியும், மேலும் கீழும் அசைவதற்கு ஆங்கிலத்தில் முப்பது சொல்லுக்கு மேல் இருக்கிறதே, எதை எடுப்பது?

அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ‘அசை, ஆடு, நடுங்கு, அதிர்’ என்றே போட்டிருக்கும். ஆகவே அகராதிக்கு முன் வேறு சில கேள்விகள் வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அசைவது எது என்பது. உயிருள்ள உடம்பா, உடம்பின் ஒரு பகுதியா, இயந்திரமா, வெளிச்சமா, வெறும் எண்ணா? ஆங்கிலத்தில் சில சொற்கள் ஒரே பொருளோடு தாலி கட்டிக்கொண்டவை. வெக் என்பது பெரும்பாலும் நாய் வாலுக்கும், கண்டிக்கும்போது ஆட்டும் விரலுக்கும் மட்டும். பட்டி மாடு ஈ விரட்ட வாலை வீசினால் அது வெக் அல்ல, ஸ்விஷ்.

இரண்டாவது, கண்ணால் எண்ண முடிகிறதா? இதைவிட நல்ல சோதனை இல்லை. கோயிலில் ஒரு மீட்டர் சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கைத் தள்ளிவிட்டால் ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். நிதானமாக எண்ணலாம், அது ஸ்விங். தப்புத் தோலில் ஓர் அடி விழுந்ததும் அது அசைவதை எண்ண முடியாது, விரல் வைத்தால் உணரத்தான் முடியும், அது வைப்ரேட். எண்ணக்கூடியதற்கு வைப்ரேட் போட்டாலும், எண்ண முடியாததற்கு ஸ்விங் போட்டாலும் பிழை.

மூன்றாவது, தன்வினையா பிறவினையா? தமிழில் ஆடு என்றால் ஆட்டு, குலுங்கு என்றால் குலுக்கு என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஷேக், ஸ்விங், ரொக், ரெட்டில், ஜிகிள், வைப்ரேட் ஆகியவை இரண்டு வேலையும் பார்க்கும். ட்ரெம்பிள், ஷிவர், ஷடர் மூன்றும் தன்வினை மட்டும். குவிவரையும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. போத்தலை ‘ட்ரெம்பிள்’ பண்ண முடியாது. பாணி மருந்துப் போத்தலில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்றுதான் ஒட்டியிருக்கும்.

நான்காவது, ஒரு தரமா, பல தரமா? ஐந்தாவது, சத்தம் உண்டா? ஆறாவது, எங்கே எழுதுகிறோம்? பழுதறிக்கைக்குப் பொருந்துவது கதைக்குப் பொருந்தாது.

மூன்று குடும்பம், மூன்று விலை

முப்பது சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண் வேலை. வடிவத்தைப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்று குடும்பத்துக்குள் அடங்கிவிடும்.

முதலாவது ஓரசைக் குட்டைச் சொற்கள்: ஷேக், ஸ்விங், ஸ்வே, ரொக், நொட், வெக், பொப், ஃபிளெப், வேவ். இவற்றில் பெரும்பாலானவை பெரிய அசைவுக்கு, அல்லது எண்ணக்கூடிய அசைவுக்கு. பேச்சிலும் எழுத்திலும் எங்கும் செல்லும். ஆனால் மறைந்த செலவு இரண்டு உண்டு. ஒன்று இறந்தகாலம். ஷேக் ஷுக் ஆகும், பிறகு ஷேக்கன். ‘ஷேக்ட்’ என்று ஒன்று இல்லை. ஸ்விங் இரண்டு இடத்திலும் ஸ்வங். நொட், வெக், பொப், ஃபிளெப் நான்குக்கும் இறந்தகால விகுதி சேரும்போது கடைசி எழுத்து இரட்டிக்கும். அதை விடுவதுதான் அதிகம் நடக்கும் எழுத்துப்பிழை. மற்றது இரண்டாம் பொருள். ரொக் என்றால் கல்லும்தான், ஸ்விங் என்றால் ஊஞ்சலும்தான். இதே அளவுள்ள ஜேர்க், ஒரே வெட்டாக இழுப்பதைச் சொல்லும் நல்ல சொல். ஆளைப் பார்த்து அதைப் பெயர்ச்சொல்லாகச் சொன்னால் வசவு.

இரண்டாவது, எல்-இ என்றோ இ-ஆர் என்றோ முடிகிறவை: வொபிள், ஜிகிள், விகிள், ரெட்டில், ட்ரெம்பிள், ஷிவர், குவிவர், ஷடர், ஃபிளட்டர், ஃபிளிக்கர், ஜிட்டர், ஜடர். இங்கேதான் தமிழ்க் காது நமக்குப் பெரிய உதவி. ஆங்கிலத்தில் இந்த இரண்டு விகுதிகளும் பழங்காலத்திலிருந்தே ‘சிறிதாக, திரும்பத் திரும்ப’ என்ற பொருளைக் கொடுத்து வந்தவை. ஜிக் என்பதிலிருந்து ஜிகிள், வெக் என்பதிலிருந்து வெகிள், மெல்லத் தட்டும் பெட் என்பதிலிருந்து மழை தகரத்தில் விழும் பெட்டர். அதே வேலையைத் தமிழ் எப்படிச் செய்கிறது? சொல்லை இரட்டித்து. படபட, வெடவெட, கிடுகிடு, கடகட, லொடலொட. இரட்டைக்கிளவி நாக்கில் வந்துவிட்டால் பெரும்பாலும் நீங்கள் தேடும் ஆங்கிலச் சொல் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது இலத்தீன் வழி வந்த, ஏ-டி-இ என்று முடிகிறவை: வைப்ரேட், ஒசிலேட், ரெசிப்ரோகேட், ஃபிளக்சுவேட். உயர்தரப் பௌதிகத்தில் அலைவு என்று படித்தது ஒசிலேஷன், அதிர்வு என்று படித்தது வைப்ரேஷன். அறிக்கைக்கும் பரிசோதனைக் குறிப்புக்கும் இவைதான் சரி. மனிதரைப் பற்றிய வாக்கியத்தில் போட்டால் ஆள் இயந்திரம் ஆகிவிடுவார். ‘பயத்தில் அவள் வைப்ரேட் ஆனாள்’ என்பதை வாசிக்கிறவர் கைப்பேசியை நினைப்பார்.

தமிழ்க் காதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக ஓர் அட்டவணை:

| தமிழில் நாக்கில் வருவது | ஆங்கிலத்தில் எடுக்க வேண்டியது | பொருந்தாத இடம் |
|---|---|---|
| படபட (கொடி, சிறகு, இமை) | ஃபிளட்டர் | பலத்த காற்றில் தறப்பாள் அடிப்பது. அது ஃபிளெப் |
| வெடவெட (குளிர், காய்ச்சல்) | ஷிவர் | கோபத்தில் நடுங்குவது. அது ட்ரெம்பிள் அல்லது ஷேக் |
| கிடுகிடு (பயம், பலவீனம்) | ட்ரெம்பிள் | கட்டடம் பலமாக ஆடுவது; அது ஷேக் |
| கடகட, லொடலொட | ரெட்டில் | சத்தமே இல்லாத ஆட்டம் |
| மினுக் மினுக் (சுடர், பல்பு) | ஃபிளிக்கர் | வாகனத்தின் சமிக்ஞை விளக்கு. அது பிளிங்க் அல்லது ஃபிளாஷ் |
| தள்ளாட்டம் (மேசை, சில்லு, ஜெலி) | வொபிள் | நேராக முன்பின் போய்வரும் பாகம் |
| துடிப்பு (இமை, கன்னம்) | ட்விட்ச் | இதயம்; அது பீட் |

துடி என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். கண் துடித்தால் ட்விட்ச். நெஞ்சு துடித்தால் பீட், அடித்துக்கொண்டால் பவுண்ட், படபடத்தால் ஃபிளட்டர். கரையில் போட்ட மீன் துடித்தால் ஃபிளொப் அல்லது த்ரெஷ். வலியில் மனிதர் துடித்தால் ரைத். நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

தலை விஷயம்: நொட், ஷேக், வொபிள்

மற்ற எந்த இடத்தில் பிழைத்தாலும் வாக்கியம் கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். இங்கே பிழைத்தால் பொருளே தலைகீழாகும். தமிழில் ‘தலையை ஆட்டினார்’ என்றால் சம்மதமா மறுப்பா என்பது முன்பின் வாக்கியத்தில் தெரியும். ஆங்கிலத்தில் அந்த வினையே பதில்.

மேலும் கீழும் அசைத்தால் நொட்: ஆம். இடமும் வலமும் திருப்பினால் ஷேக்: இல்லை. ‘ஹீ ஷுக் ஹிஸ் ஹெட்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அவர் சம்மதித்தார் என்றால் வாசிக்கிறவர் குழம்புவார். பரீட்சைத் தாளில் கதை எழுதும் பிள்ளைகள் ‘தலையை ஆட்டி’ என்று மனதில் நினைத்து ஷேக் என்று எழுதுவது நிறைய நடக்கிறது. ஆம் என்றால் நொட், முடிந்தது. நொட் என்பதற்குள்ளேயே தலை இருக்கிறது. ‘நொடட் ஹிஸ் ஹெட்’ என்று எழுதினாலும் பிழையில்லை, ‘நொடட்’ மட்டும் போதும். ஷேக்குக்கு அந்த வசதி இல்லை. தலையைச் சொல்லாமல் ‘ஹீ ஷுக்’ என்று விட்டால் ஆளே நடுங்கினார் என்றாகிவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, நம்முடையது: தோளை நோக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிக்கும் அந்த ஆட்டம். ‘சரி’, ‘விளங்குது’, ‘பார்ப்போம்’ மூன்றுக்கும் அதுதான். ஆங்கிலேயர் இதை ஹெட் வொபிள் என்பார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது அந்தச் சொல்லில் இலேசான கேலி ஒட்டியிருப்பதை மறக்கக் கூடாது. தட்டு மேசையில் ஆடுவதற்கும் அதே சொல்தானே. மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் டில்ட் நல்லது: தலையை ஒரு பக்கம் சரித்து இணங்கினார் என்று, இணக்கத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். வழிகாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: பயணி விலை கேட்கும்போது இந்த ஆட்டத்தை மட்டும் பதிலாகக் கொடுத்தால் அவர் அதை ஷேக் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போகவும் கூடும். வாயையும் திறங்கள்.

பொப் தலைக்கும் வரும், ஆனால் அர்த்தத்தோடு அல்ல. பாட்டுக்குத் தலை மேலும் கீழும் போவதும், பஸ்ஸில் தூங்கி விழுகிறவரின் தலை எழுந்து எழுந்து விழுவதும் பொப். தூங்கி விழுவதற்கு ‘நொட் ஒஃப்’ இன்னும் பழகியது.

நடுக்கம்: ஷிவர், ட்ரெம்பிள், ஷேக், குவிவர், ஷடர்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தை மாதத்து விடியலில் வரும் நடுக்கம் ஷிவர். குளிர்ந்த உடம்பு தசைகளை விரைவாகச் சுருக்கி விரித்துத் தானே சூடு உண்டாக்கிக்கொள்வது அது. காய்ச்சல் ஏறும்போது போர்வைக்குள் வெடவெடப்பதும் ஷிவர்தான். அதாவது குளிர் இருக்க வேண்டும், வெளியிலோ உள்ளேயோ.

ட்ரெம்பிள் பயத்துக்கும் கோபத்துக்கும் உணர்ச்சிப் பெருக்குக்கும் பலவீனத்துக்கும் உரியது. கை, முழங்கால், குரல் ட்ரெம்பிள் ஆகும். சாப்பிடாமல் மலை ஏறி இறங்கிய கால் நடுங்குவதும் அதுவே. ஷேக் இரண்டுக்கும் பொது, அளவில் பெரியது. குவிவர் மிகச் சிறியது: அழப்போகும் குழந்தையின் உதடு, காவடியில் செருகிய மயிலிறகின் நுனி, பனித்துளி தாங்கிய கொழுந்து. கதை எழுதுகிறவர்களுக்கு இது அழகான சொல். ஆனால் அம்புக்கூட்டுக்கும் அதே பெயர் என்பதால் பெயர்ச்சொல்லாகப் போடும்போது பார்த்துப் போட வேண்டும்.

ஷடர் அருவருப்பிலோ திகிலிலோ உடம்பை ஒரு தரம் உலுக்கிவிட்டுப் போவது. அட்டை காலில் ஏறியதைப் பார்த்ததும் வருவது. தொடர்ந்து அரை மணி நேரம் ஷடர் ஆக முடியாது, ஷிவர் ஆகலாம்.

மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாடு அலங்காரம் அல்ல. ‘ஷிவரிங்’ என்றால் டொக்டர் காய்ச்சல், தொற்று என்ற திசையில் யோசிப்பார். ‘ஹேண்ட்ஸ் ஆர் ஷேக்கிங்’ என்றால் நரம்பு, சீனி குறைதல், தைரொயிட், குடிக்கும் மாத்திரை என்று வேறு திசையில் போவார். அப்பாவின் கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்குகிறது என்றால் ஷிவர் என்று சொல்லிவிடாதீர்கள். ஷேக் என்று சொல்லி, எந்தக் கை, சும்மா இருக்கும்போதா எதையாவது பிடிக்கும்போதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மருத்துவக் குறிப்பில் அவர் எழுதும் ட்ரெமர் இந்த நடுக்கத்துக்கான பெயர்ச்சொல். நில அதிர்வுக்கும் அதே சொல்தான்.

இயந்திரமும் வாகனமும்: எந்தச் சொல் எந்தப் பழுது

சொல் தவறினால் பணம் போகும் இடம் இது. கொழும்பிலிருக்கும் உதிரிப்பாகக்காரருக்கோ பொறியியலாளருக்கோ ‘மெஷின் இஸ் ஷேக்கிங்’ என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் ஒரு காரணத்தைச் சுட்டும்.

வைப்ரேட்: முழு இயந்திரமும் சிறிதாக, விரைவாக, ஒரே சீராக அதிர்கிறது. காற்றாடியின் இதழில் தூசி ஒட்டிச் சமநிலை கெட்டிருக்கலாம், அடித்தளத்து நட்டு தளர்ந்திருக்கலாம், மோட்டரும் தண்டும் நேர்கோட்டில் இல்லாமல் போயிருக்கலாம். அறிக்கையில் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பதை எழுதுங்கள். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால் சமநிலைக் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

வொபிள்: சுற்றும் பாகம் தன் அச்சில் நேராக நிற்காமல் இடமும் வலமும் சாய்கிறது. சில்லு, கப்பி, காற்றாடி. வளைந்த தண்டு, தேய்ந்த பெயரிங், இறுக்காத சில்லு நட்டு. எட்ட நின்றே கண்ணுக்குத் தெரியும். கை வைத்தால் தெரிவது வைப்ரேட், கண்ணால் தெரிவது வொபிள் என்று பிரித்தால் பெரும்பாலும் பிழைக்காது.

ரெட்டில்: எதுவோ தளர்ந்து இன்னொன்றில் மோதுகிறது. சத்தம் கட்டாயம். மூடித் தகடு, ஆட்டோவின் சைலன்சர் பிடி, பஸ் கண்ணாடி. மலிவான பழுது இதுதான். பல நேரம் ஒரு திருகாணியோடு தீரும். ஆனால் என்ஜினுக்குள்ளிருந்து வரும் கனத்த தட்டலுக்கு ரெட்டில் போடக் கூடாது. அது நொக், செலவு பெரியது.

ஜடர்: பிரேக் பிடிக்கும்போதோ கிளச் விடும்போதோ மட்டும் வண்டி உதறுகிறது. பிரித்தானிய ஆங்கிலம், நம் நாட்டில் செல்லும், அமெரிக்கரோடு பேசும்போது ஷடர் எளிதில் விளங்கும். ரம்பொடைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, கீழே ஸ்டியரிங் உதறினால் அது பிரேக் ஜடர். வெறுமனே வைப்ரேட் என்று எழுதினால் மெக்கானிக் சில்லுச் சமநிலையைப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு அனுப்புவார், பிரேக் அப்படியே இருக்கும்.

ஜேர்க்: ஒரு வெட்டு, பிறகு இயல்பு. பெல்ட் வழுக்கிப் பிடிப்பது, எரிபொருள் தடைப்பட்டு வருவது. ஜோல்ட் இதற்கு நெருங்கியது; ஆனால் ஜோல்ட் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இடி, பள்ளத்தில் சில்லு விழுவதைப் போல.

ரெசிப்ரோகேட்: பழுதல்ல, வடிவமைப்பு. பிஸ்டன் போல நேர்கோட்டில் போய்வருவது. தேயிலை சலிக்கும் தட்டு நேராக முன்பின் ஓடினால் இந்தச் சொல். இரு எல்லைக்கு நடுவே சீராக ஆடும் எதற்கும் ஒசிலேட் பொதுவானது. மேசைக் காற்றாடி தலையைத் திருப்பித் திருப்பி வீசுவது அதுதான். கொழுந்து அரைக்கும் ரோலரின் உறை வட்டப் பாதையில் சுற்றுகிறது, ஆகவே அதற்கு இரண்டும் வேண்டாம். மூவ்ஸ் இன் எ சர்க்கிள் என்று சாதாரணமாக எழுதினாலே போதும். ரெசிப்ரோகேட் என்பதற்குக் காட்டிய அன்பைத் திருப்பிக் காட்டுதல் என்ற பொருளும் உண்டு. அறிக்கையில் அது தொந்தரவு தராது, காதல் கடிதத்தில் தரலாம்.

தொங்குவது, மிதப்பது, ஓடுவது

மேலே ஒரு புள்ளியில் தொங்கினால் ஸ்விங். கீழே வேரூன்றி மேலே அசைந்தால் ஸ்வே. அடியிலேயே உருண்டு இரு பக்கமும் சாய்ந்தால் ரொக். கதவும் மணியும் ஸ்விங், யூக்கலிப்டஸ் மரமும் கூட்டத்தில் பாட்டுக்கு அசையும் ஆளும் ஸ்வே, படகும் நாற்காலியும் ரொக். இந்த மூன்றையும் படமாக மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஒரு விதிவிலக்கைத் தவிர. லயத்து வளையில் கட்டிய சேலைத் தொட்டில் தொங்கத்தான் செய்கிறது. ஆனாலும் பிள்ளையைத் தூங்கவைப்பதற்கு ஆங்கிலத்தில் ரொக் என்பதுதான் வழக்கு. தொட்டில் ஸ்விங் ஆகலாம், அதில் பிழையில்லை. ‘ஸ்வங் தி பேபி’ என்றால் மட்டும், பிள்ளையைக் கையில் பிடித்துச் சுழற்றினீர்களா என்று பதறுவார்கள்.

பதுளைக் கோச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே சொல்லில் மாட்டிக்கொள்ளாமல் பிரித்து எழுதலாம். வளைவுகளில் பெட்டி மெதுவாக இரு பக்கமும் சாய்வது ஸ்வே, கொஞ்சம் பலமானால் ரொக். புறப்படும்போது இணைப்பு இழுபடும் இடி ஜோல்ட். ஜன்னல் பலகை அடிப்பது ரெட்டில். நானுஓயா தாண்டி வேகம் குறைந்து ஒரு பக்கமாகச் சட்டென்று சாய்ந்தால் லர்ச். வைப்ரேட் என்ற சொல்லை டீசல் என்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தால் மட்டும், காலடித் தரைக்கு.

நீரில் மேலும் கீழும் போவது பொப். கிரகரி வாவியில் வெற்றுப் போத்தல் பொப், படகு ரொக். நீரோடைக் கல்லில் நிற்கும் வாலாட்டிக் குருவியைப் பாருங்கள். ஆங்கிலப் பெயர் வெக்டெயில். ஆனால் வால் நாயுடையது போல இடவலமாகப் போவதில்லை, மேலும் கீழும்தான் போகிறது. பறவை பார்க்கிறவர்கள் அந்த அசைவுக்குப் பொப் அல்லது பம்ப் என்று எழுதுவார்கள். பெயரை நம்பி வினையைப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மலையோடைகளில் குளிர்காலத்தில் வரும் சாம்பல் வாலாட்டியைக் காட்டும் வழிகாட்டிகள் இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னாலே பயணி திரும்பிப் பார்ப்பார்.

கொழுந்து பறிக்கும் விரல்களுக்கு என்ன சொல்? ஃபிளட்டர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது குறியில்லாத படபடப்பு. பட்டாம்பூச்சிக்குப் பொருந்தும், இரண்டு இலையும் ஓர் அரும்பும் பார்த்து எடுக்கிற கைக்குப் பொருந்தாது. ஒவ்வோர் அசைவும் குறி வைத்துப் பாய்வது என்றால் டார்ட். அந்த வேலையில் இருக்கும் திறமையை டார்ட் ஒப்புக்கொள்கிறது, ஃபிளட்டர் ஒப்புக்கொள்வதில்லை.

விளக்கும் மின்னழுத்தமும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்பு மினுக்கினால் ஃபிளிக்கர். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து ஏறி இறங்கினால் ஃபிளக்சுவேட். காரணத்துக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியும் விளைவுக்கு ஒன்று. மின்சாரம் வழங்குகிறவர்களுக்கு முறைப்பாடு எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள். தேயிலை ஏல விலையும் ஃபிளக்சுவேட் ஆகும், ஆனால் ஒருபோதும் வைப்ரேட் ஆகாது. மனம் மாறி மாறித் தடுமாறினால் வேவர் அல்லது டிதர். டிதர் என்ற சொல்லுக்கே பழைய பொருள் நடுங்குதல்தான்.

போய்வருவது: பேக் அண்ட் ஃபோர்த், டு அண்ட் ஃப்ரோ, அப் அண்ட் டவுன்

பேக் அண்ட் ஃபோர்த் எங்கும் செல்லும்: மரம் அறுக்கும் வாளுக்கும், இரண்டு அலுவலகத்துக்கு நடுவே அலைக்கழியும் விண்ணப்பத்துக்கும், மாறி மாறி அனுப்பும் மின்னஞ்சலுக்கும். டு அண்ட் ஃப்ரோ கொஞ்சம் பழைய மணம் உள்ளது. கதையில் அழகு, அறிக்கையில் வேண்டாம். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நாள் முழுக்க ஓடும் பஸ்ஸுக்கு ஷட்டில் என்ற ஒற்றைச் சொல்லே போதும். தறியில் இங்கும் அங்கும் எறிபடும் நாடாவின் பெயர் அது. அதனால்தான் பூப்பந்துக்கும் வந்தது.

அப் அண்ட் டவுன் மட்டும் பொல்லாதது. குதிப்பதற்கும் பொருந்தும், அறைக்குள் கவலையோடு நடப்பதற்கும் பொருந்தும். நடப்பவர் சமதரையில்தான் நடக்கிறார், இருந்தாலும் ஆங்கிலத்தில் ‘பேஸ்ட் அப் அண்ட் டவுன்’தான். இதை ஏறி இறங்கினார் என்று மொழிபெயர்க்கிற பிள்ளைகள் அவரைப் படிக்கட்டில் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், போக்குவரத்துக் கூலியைப் பேசும்போது நாம் ‘அப் அண்ட் டவுன் எவ்வளவு’ என்று கேட்பது நம்மவருக்கு விளங்கும், வெளிநாட்டவருக்கு விளங்காது. எல்லவிலிருந்து லிப்டன்ஸ் சீட் வரை ஆட்டோ பேசுகிறவர் அதை அவரிடம் சொன்னால், ‘ஆமாம், ரோடு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது’ என்ற பதில் வரும். ரிட்டர்ன் அல்லது ரவுண்ட் ட்ரிப் என்று சொல்லி, அங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.